இருபத்தேழு நாள் வெடிப்பு

மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. வீட்டில் நாலு பேர் முன்னால் "வாங்க அண்ணி, உட்காருங்க அண்ணி" என்று குழைகிறேன் அல்லவா, கடிதத்தில் அந்த மரியாதை கிடைக்காது. கல்லூரியில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக 'நீங்கள்' போட என் பேனா மறுக்கிறது.

ரேடியோ இரைச்சல் கூடாது என்று உங்கள் பள்ளத்தாக்கில் செல்பேசியையும் வைஃபையையும் தடை செய்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அலுவலகத் தொலைபேசியில் பேசினால் பக்கத்து மேசைக்காரர் நமக்கு முன்னால் சிரிக்கிறார். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் கருந்துளை விழித்துக்கொண்டது.

நேற்று சாப்பாட்டு மேசையில் அண்ணனுக்கு விளக்கினேன். ஒரு சாதாரண நட்சத்திரமும் ஒரு கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. நட்சத்திரத்தின் வாயுவைக் கருந்துளை இழுக்கிறது. இழுபட்ட வாயு தட்டு போலச் சுழன்று கொதிக்கிறது. சில சமயம் அதில் ஒரு பகுதியை இரண்டு பக்கமும் பீய்ச்சி எறிகிறது. அந்தப் பீய்ச்சலில்தான் காமா கதிர் பிறக்கிறது. அண்ணன் பல் டாக்டர் அல்லவா, உலகத்தை வாய்வழியாகத்தான் புரிந்துகொள்வான். "அப்ப வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கிட்டு, முழுங்க முடியாம பாதியத் துப்புது. அவ்வளவுதானே?" என்றான். அவ்வளவுதான் என்றேன்.

இந்த இணை வருஷக்கணக்கில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. போன இரண்டு வருஷமாக எங்கள் செயற்கைக்கோளின் தரவில் வெடிப்பு தெரிகிறது. இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை, ஒரே ஒரு நாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிது. இப்படித் தாளம் தப்பாத காமா வெடிப்பை எங்கள் துறையில் யாரும் பார்த்ததில்லை.

அடுத்தது ஜூன் 16. அன்று உன் ரேடியோ தொலைநோக்கி டிஷ்ஷை அந்தப் பக்கம் திருப்பு. பீய்ச்சல் உண்மையானால் அங்கிருந்து வரும் ரேடியோ அலையின் பலமும் ஏற வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் ஆய்வுக் குழு கூடுகிறது. இதை உலகத்துக்கு அறிவிப்பதா, பன்னிரண்டு வருஷமாக ஒப்பந்தத்தில் காலம் தள்ளும் எனக்கு நிரந்தர இடம் தருவதா என்று ஒரே மேசையில் முடிவு செய்வார்கள். உன் ரேடியோ ஒத்துக்கொண்டால் இரண்டும் கைக்கு வந்த மாதிரி.

அண்ணன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

உன் நாத்தனார்


ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கழுத்து வலி தேவலையா? கணினிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உட்காராதே.

ஜூன் 16 அன்று டிஷ் என் பெயரில்தான் இருக்கிறது. நான் வழக்கமாகப் பார்க்கும் வாயு மேகங்கள் ஒரு நாள் காத்திருக்கும், அவற்றுக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது. திருப்புகிறேன்.

நீ இங்கே வந்ததில்லை, ஆகவே சொல்கிறேன். நாங்கள் வேலை செய்யும் அறைக்குச் சன்னல் கிடையாது. எங்கள் கணினிகளின் இரைச்சல் வெளியே கசிந்து டிஷ்ஷின் காதில் விழக்கூடாது என்று சுவர், கூரை, தரை எல்லாம் தகடு. கதவு குளிர்பதனப் பெட்டியின் கதவு மாதிரி, மூடினால் காது அடைக்கும். உள்ளே போனால் வெயிலா மழையா என்று தெரியாது. வசந்தத்தில் டிஷ்ஷுக்குப் புதிய ரிசீவர் மாட்டினோம். பழையது ஊசி முனையளவு வானத்தைப் பார்க்கும், இது ஜமுக்காளம் விரித்த மாதிரி அகலமாகப் பார்க்கும். காமாவில் இடம் துல்லியமாகத் தெரியாத உன் மங்கலான வெடிப்புக்கு அதுதான் தோது.

ஏறினால் ஏறியது என்று எழுதுவேன், ஏறாவிட்டால் ஏறவில்லை என்று எழுதுவேன். நாத்தனார் என்று சலுகை கிடையாது, அவசரக்குடுக்கை.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நான் நலத்துக்கும் மேலே.

வந்துவிட்டது. சொன்ன தேதியில், இதுவரை வந்ததிலேயே பெரிதாக. செயற்கைக்கோளின் தரவு இறங்கும்போது நானும் மேசைக்காரரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது, பிறகு நின்று யோசித்த மாதிரி இருந்தது, பிறகு ஏறியது. மேசைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு வருஷத்தில் அந்த மனிதர் எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

அலுவலகத்தில் எல்லோரும் என்னை இப்போது 'இருபத்தேழு' என்று கூப்பிடுகிறார்கள். காபி மெஷின் பக்கம் போனால், "இருபத்தேழு வருது, வழி விடுங்கப்பா" என்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

நீ என்ன பார்த்தாய்? ஒரு வரி போதும். வாரம் ஒரு முறை தபால் கொண்டுவரும் ஜீப்காரரிடம் வேகமாக ஓட்டச் சொல்.

உன் நாத்தனார்


ஜூன் 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நீ சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

ஏறியது. உன் வெடிப்புக்குச் சில மணி நேரம் முன்பே தொடங்கி, மறுநாள் இறங்கிவிட்டது. ஆபரேட்டர்கள் இருவரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். குழுவுக்கு முறைப்படி ஒரு குறிப்பு இதே ஜீப்பில் போகிறது. அதன் நகல் உனக்கு.

ஜூலை 13 அன்று மறுபடி பார்ப்போம். இரண்டாவது தடவையும் பார்த்தால்தான் எனக்கு உறைக்கும், நீ அறிவாய்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

நீயும் உன் ஆபரேட்டர்களும் நலமாக இருக்க வேண்டும். நூறு வருஷம்.

உன் குறிப்பு வந்த பிறகு இங்கே காற்றே மாறிவிட்டது. குழுத் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். காமா செயற்கைக்கோள் ஒரு பக்கம், ரேடியோ டிஷ் ஒரு பக்கம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கருவிகள் ஒரே கதையைச் சொல்கின்றன, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். அறிவிப்பை எழுதத் தொடங்கச் சொன்னார். குழு ஆகஸ்ட் 28 அன்று கூடும். நிரந்தர இடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே, "மத்ததும் அன்னைக்கே பேசிடலாம்மா" என்றார்.

ஜூலை 13 குறிப்பையும் அனுப்பிவிடு. அது கையில் இருந்தால் எவரும் வாய் திறக்க முடியாது.

இன்னொன்று. இது அண்ணன் கேட்கச் சொன்னது, நான் தபால்காரி மட்டும். நிலையத் தலைவியாக உன் காலம் டிசம்பரில் முடிகிறதாமே. இன்னொரு முறை இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாமே. என்ன முடிவு? நேராகக் கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய் என்று என் வழியாகக் கேட்கிறான். அவனுக்குப் பல் பிடுங்கத் தெரியும், உன் வாயிலிருந்து பதில் பிடுங்கத் தெரியாது.

உன் நாத்தனார்


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மூன்று ஜீப் வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நிலையத்திலிருந்து மற்றவர்களுக்கெல்லாம் தபால் வருகிறது.

ஜூலை 13 வெடிப்பு எனக்கு அழகாக வந்தது. ஜூனைவிடவும் பெரிது. அறிவிப்பை நான்கு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவது தடவை தலைவருக்குப் பிடித்தது. உன் ஜூலை குறிப்புக்காக ஒரு பத்தி இடம் விட்டு வைத்திருக்கிறேன். அந்த வெள்ளை இடம் தினமும் என்னைப் பார்த்து முறைக்கிறது.

அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தவர், "அம்மா ரிசீவரப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்காங்க, இப்ப பேச மாட்டாங்க" என்றார். ரிசீவர் பழுதா? பழுதென்றால் பழுதென்று எழுது. ஜூன் போதும், சமாளித்துக்கொள்வேன்.

உன் நாத்தனார்


ஆகஸ்ட் 11

அண்ணிக்கு,

நலம்தானா என்று கேட்டு எழுதுவது வழக்கம், அதனால் கேட்கிறேன்.

நேற்றைய வெடிப்பும் வந்தது. அதை உனக்குச் சொல்லி என்ன பயன் என்றும் தெரியவில்லை. குழு கூட இன்னும் மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. தலைவர் தினமும், "ரேடியோ என்ன சொல்லுது?" என்கிறார். ரேடியோ என் அண்ணி, அவள் அழுத்தக்காரி, ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நான் சொல்ல முடியுமா?

அண்ணனுக்காக ஒரு கேள்வி கேட்டேன். அதற்குத்தான் இந்த மௌனமா? இருக்கப் போகிறாய் என்றால் இரு. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பள்ளத்தாக்கை விட்டு இறங்காதவளை யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. ஆனால் உன் வீட்டுக் கோபத்தை என் வேலையில் காட்டாதே. கல்லூரியில் நான் தேர்வில் உன்னை முந்தியபோதும் ஒரு மாதம் பேசாமல் இருந்தாய். அது நினைவுக்கு வருகிறது. வரக்கூடாது, வருகிறது.

நாத்தனார்


ஆகஸ்ட் 13

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். இதை உட்கார்ந்து படி. முடிந்தால் வீட்டில் படி, அலுவலகத்தில் வேண்டாம்.

ஜூலை 13 அன்றும் ஏறியது. நான் எழுதவில்லை, ஏனென்றால் ஏறியது சரியாக இல்லை. உன் இடத்தைப் பார்க்கும்போது, ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் ஒன்றுமில்லாத வானத்தையும் மாறி மாறிப் பார்ப்போம். அன்றைக்குப் பக்கத்து வெற்று வானம் ஒன்று உன் கருந்துளையைவிட அதிகமாக ஏறியிருந்தது. வெற்று வானம் வெடிக்காது. புது ரிசீவரில் கோளாறு, என் கையில்தான் தப்பு என்று நினைத்தேன். முழுசாகப் பிரித்து, ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்து, திரும்ப மாட்டினேன். அதற்கே மாதம் ஓடிவிட்டது. ஒரு கோளாறும் இல்லை.

திங்கள்கிழமை, அதாவது 10ஆம் தேதி, மறுபடி திருப்பினோம். மறுபடி ஏறத் தொடங்கியது. உள்ளே மூச்சு முட்டியது. பொழுது சாயும் நேரம், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து டிஷ்ஷுக்குக் கீழே நின்றேன். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று என் கண்ணால் பார்த்தேன். இத்தனை நாளில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே அது எங்களுக்குத் திசையைக் குறிக்கும் இரண்டு எண்கள், அவ்வளவுதான்.

டிஷ் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கை நீட்டினால் இரண்டு விரல் அகலத்தில், நிலா இருந்தது.

நிலாவின் சூடு ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கும். பழைய ரிசீவர் என்றால் ஓரத்தில் இருப்பது உள்ளே வராது. இந்த ஜமுக்காளத்தில் வரும். சந்தேகம் தீரவில்லை. மறுநாள் நிலா நகர்ந்த இடத்துக்கு டிஷ்ஷை நகர்த்தினேன். அங்கே கருந்துளையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏறியது. நேற்று மறுபடி நகர்த்தினேன். ஏறியது.

வானத்தில் நிலா ஒரு சுற்றுச் சுற்றி அதே நட்சத்திரங்களுக்குத் திரும்பி வர இருபத்தேழு நாளும் சில மணி நேரமும். இதை உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது. எனக்குத்தான் வெட்கம், நான்தான் உறுதி செய்து குறிப்பு அனுப்பியவள். தேதியை நீ முன்கூட்டிச் சொல்லியிருந்தாய், அன்றைக்கு ஏறும் என்று உட்கார்ந்தோம், ஏறியதும் கையைத் தட்டிவிட்டோம்.

காமாவில் நிலா எவ்வளவு ஒளிரும் என்று எனக்குத் தெரியாது. அது உன் பக்கம். நீயே பார்.

ஜூன் குறிப்பைத் திரும்பப் பெறுவதாகக் குழுவுக்கு நான் எழுதியாக வேண்டும். நாளைய ஜீப்பில் இந்தக் கடிதம் மட்டும் போகிறது. குழுவுக்கான குறிப்பு அடுத்த வெள்ளிக்கிழமை ஜீப்பில் வரும்.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இனி நீ எனக்கு நிறைய நாள் வேண்டும்.

உன் கடிதத்தை வீட்டில்தான் படித்தேன். படித்துவிட்டு அண்ணன் கையில் கொடுத்தேன். படித்தான். "சொத்தை எந்தப் பல்லுலன்னு தெரிஞ்சுபோச்சு. பாதி வேலை முடிஞ்சுது" என்றான். அதற்கப்புறம் அலுவலகம் போனேன்.

காமாவில் நிலா நன்றாகவே ஒளிரும். விண்வெளித் துகள்கள் அதன் கல்லில் வந்து மோதுவதால் வரும் வெளிச்சம் அது. எங்கள் துறையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் நிலா கடந்து போகும் நாளின் தரவை வெட்டி எறிந்துவிடுவது வழக்கம். ஆறு வருஷம் முன்பு இந்த இணைக்கு மட்டும் அந்த வெட்டை நான் நிறுத்தினேன். ஏன் தெரியுமா? மாதாமாதம் ஒரு நாளை வெட்டினால், அந்த ஓட்டையே இருபத்தேழு நாள் தாளம் போலப் பொய்யாகத் தெரியும் என்று பயந்து. சிரிக்காதே. சிரித்துக்கொள்.

அன்றைக்கு அதில் தப்பும் இல்லை. அப்போது நிலா இந்த இடத்துக்கு வெகு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நிலாவின் பாதை அசையாமல் இருப்பதில்லை, வருஷத்துக்கு வருஷம் மெல்ல நகரும். இரண்டு வருஷம் முன்பு என் இடத்தின் ஓரத்தைத் தொட்டிருக்கிறது. மாதம் தவறாமல் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கிறது. நான் அதைப் பார்த்துவிட்டு, கருந்துளை விழித்துக்கொண்டது, மாதா மாதம் பலம் கூடுகிறது என்று ஊரெல்லாம் சொன்னேன். வெட்டைத் திரும்பப் போட்டேன். ஒரு வெடிப்பு மிச்சமில்லை. கோடு தரையோடு தரை.

28 வரை காத்திருக்கவில்லை. அவசரக்குடுக்கைக்கும் ஒரு நல்ல உபயோகம் உண்டு. 20ஆம் தேதியே குழுவைக் கூட்டச் சொன்னேன். அறிவிப்பை முன்னாலேயே வெளியிடக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துச் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தார்கள். எழுந்து நின்று, "நான் காட்டினது கருந்துளை இல்ல. நிலா" என்றேன்.

தலைவர், "எந்த நிலா?" என்றார்.

"நமக்கு இருக்கிறது ஒண்ணுதான் சார்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அதனால் மற்றவர்களும் தைரியமாகச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு படமாகப் போட்டு விளக்கினேன். உண்மையைச் சொல்கிறேன், முந்தைய கூட்டங்களைவிடத் தெளிவாகப் பேசினேன். இது எனக்கு முழுசாகத் தெரிந்த விஷயம் அல்லவா.

தலைவர் கேட்டார், "ரேடியோ ஒத்துக்கிச்சே, அது?"

"அதுவும் நிலாதான் சார். அண்ணி வெளியில வந்து பார்த்தாங்க. அவங்க குறிப்பு பின்னால வரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன் குறிப்பு வருவதற்கு முன்பே நானாக வந்து சொல்கிறேன் என்பது அவருக்கும் புரிந்தது. உன் குறிப்பு ஏன் ஒரு ஜீப் பிந்தியது என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

அறிவிப்பு ரத்து. நிரந்தர இடம் பற்றிய பேச்சு நவம்பர் கூட்டத்துக்குத் தள்ளிவைப்பு. மறுக்கவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். காபி மெஷின் பக்கம் இப்போது என் பெயர் 'நிலா'. 'இருபத்தேழு'வைவிடக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு யோசனை. இனிமேல் இந்த இணையில் எதைப் பார்த்தாலும் நான் உனக்குச் சொல்லமாட்டேன், நீ எனக்குச் சொல்லாதே. இருவரும் தனித்தனியாக எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தலைவரிடம் கொடுப்போம். அவர் குழு முன்னால் ஒன்றாகப் பிரிக்கட்டும். அவர் சரி என்றுவிட்டார். நீ?

ஆகஸ்ட் 11 கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் நாத்தனார்


செப்டம்பர் 10

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நீ நலம் என்பது கையெழுத்திலேயே தெரிகிறது.

உறை யோசனை சரி. இந்த விதியை நான் மீறமாட்டேன். நீ மீறுவாய் என்றுதான் பயம்.

ஆகஸ்ட் 11 கடிதத்தைக் கிழிக்கவில்லை. உனக்கு வேலை நிரந்தரமாகும் நாளில் பாராட்டுக் கூட்டம் வைப்பார்கள் அல்லவா, அங்கே வாசிக்க வைத்திருக்கிறேன். கல்லூரியில் நீ முந்தியபோது நான் பேசாமல் இருந்தது பொறாமையால் இல்லை. தொண்டையில் புண். நீ பார்க்க வரவே இல்லை.

நிலையத்தில் இன்னொரு முறை இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். உன் அண்ணனுக்கு நானே தனியாக, நேராக எழுதிவிட்டேன். பள்ளத்தாக்கில் பல் டாக்டர் கிடையாது, நானே வந்துவிடுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். வரட்டும். ஆனால் அவர் பல் துளைக்கும் மெஷினின் மோட்டார் போடும் ரேடியோ இரைச்சலுக்கு எங்கள் டிஷ் காதைப் பொத்திக்கொள்ளும். தகடு அடித்த அறைக்குள் நாற்காலி போட்டுத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறேன். நோயாளி கத்தினாலும் வெளியே கேட்காது, வசதிதான் என்கிறார்.

அன்புடன்,
அண்ணி


அக்டோபர் 18

அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்.

ஒரு இணை எக்ஸ் கதிரில் திடீரென்று ஒளிர்கிறது என்று வேறொரு செயற்கைக்கோளின் எச்சரிக்கை 16ஆம் தேதி எல்லா நிலையங்களுக்கும் போனது. உங்கள் கம்பி வழியாக உனக்கும் வந்திருக்கும். எந்த இணை என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் செயற்கைக்கோள் என்ன பார்த்தது, பார்த்ததா, இல்லையா என்று நான் சொல்லமாட்டேன். நாக்கு நமநமவென்று அரிக்கிறது. மேசைக்காரர் என் மேசைப் பக்கம் வந்தால் திரையை அணைத்துவிடுகிறேன். அண்ணன் சாப்பாட்டு மேசையில் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. "உன் வாயப் பிளக்கக் கருவி போடணும்போல" என்றான்.

நிலா வெட்டைப் போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். இந்த அளவு சொல்லலாம் என்று நினைக்கிறேன். என் உறை இன்று மாலை தலைவரின் இரும்பு அலமாரிக்குள் போய்விட்டது. குழு நவம்பர் 3 அன்று கூடுகிறது. உன் உறை அதற்குள் வர வேண்டும். உன்னிடம் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால், ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பு. பொய்யாக ஒரு புள்ளிகூட வேண்டாம். நான் இதைத் தாங்குவேன், எதுவானாலும் தாங்குவேன்.

நாத்தனார்


அக்டோபர் 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். ரொம்ப நலம். உன் கழுத்து வலி, உன் அண்ணனின் சளி, இரண்டும் தேவலையா?

இங்கே மூன்று நாளாக மழை. மழையைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன், அதில் விதிமீறல் இல்லை. நல்ல மழை. ரேடியோவுக்கு மழை ஒரு பொருட்டில்லை என்பதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அதையும் எழுதலாம்.

16ஆம் தேதி பொழுது சாயும் நேரம் அறையை விட்டு வெளியே வந்து டிஷ்ஷுக்குக் கீழே நின்று பார்த்தேன். நிலா இல்லை. அது பூமிக்கு அந்தப் பக்கம், நம் இணைக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. நாட்காட்டியைப் பார்த்தால் யாருக்கும் தெரிகிற விஷயம்தானே.

ரிசீவரை இரண்டு தடவை சோதித்தேன். பழைய ரிசீவரையும் எடுத்து மாட்டிப் பார்த்தேன். பக்கத்து வெற்று வானங்கள் நான்கையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: அவை வெற்றாகத்தான் இருக்கின்றன. ஆபரேட்டர்கள் இருவரையும் ஒருவரோடு ஒருவர் பேசவிடாமல் தனித்தனி அறையில் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இருவரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் சீட்டி அடிக்கிறார். கண்டித்தேன். நிறுத்திவிட்டு மறுபடி அடிக்கிறார்.

என் உறை தயார். ஆனால் அதை நாளைய ஜீப்பில் அனுப்பப் போவதில்லை. முப்பதாம் தேதி ஜீப்பில் எனக்கு இடம் சொல்லியாயிற்று. நானே இறங்கி வந்து தலைவர் கையில் கொடுக்கிறேன். 3ஆம் தேதி கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல். உனக்கு நேர் எதிரே, உன் முகம் தெரிகிற மாதிரி.

வரும்போது உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. உன் அண்ணனிடம் நான் வருவதாகச் சொல்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அண்ணி